கூப்பிடறேன் பாட்டின் முதல் ஆள்

அலுவலகத்தில் அவளை எல்லோரும் மோப்பம் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை வைத்தவன் வீடியோ எடிட்டர். பதிலுக்கு அவள் அவனுக்குக் கத்தரி என்று பெயர் வைத்தாள். இரண்டும் ஒட்டிக்கொண்டன. சம்பளச் சீட்டில் மட்டும்தான் அவர்களுக்கு வேறு பெயர்கள் இருந்தன. மாதம் ஒருமுறை அதைப் பார்த்து, அட, இது யார் என்று யோசிக்கிற நிலைமை.

மோப்பத்துக்கு என்ன வேலை என்று கேட்டால் அவள் சொந்தக்காரர்களுக்குச் சொல்லத் தெரியாது. "எந்நேரமும் போனைப் பாத்துக்கிட்டு இருக்கிற வேலை" என்பார்கள். அது பொய்யுமில்லை. இணையத்தில் இந்த வாரம் எது ஓடுகிறது, எதைப் பார்த்து ஊரே சிரிக்கிறது, எந்தச் சத்தத்தை எடுத்து எல்லோரும் தங்கள் வீடியோவில் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று பொறுக்கி எடுத்து, 'வாரக்கடைசி வம்பு' என்ற நிகழ்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை பதிவு. வெள்ளிக்கிழமை காலையில் அது உலகத்தின் கைக்குப் போய்விடும்.

பொறுக்குவது பெரிய வித்தையில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம். மோப்பத்துக்கு அதற்கும் மேலே ஓர் அரிப்பு உண்டு. இது முதலில் யாருக்குத் தோன்றியிருக்கும் என்பதுதான் அந்த அரிப்பு. தலையணை உறைக்குள் தானே நுழைந்துகொண்டு தலையணையை மாட்டுகிற வீடியோவை லட்சம் பேர் போட்டார்கள் என்றால், அந்த லட்சத்தில் ஒருவர் முதல் ஆள். அவர் ஏன் ஒரு நாள் தலையணை உறைக்குள் நுழைந்தார்? அவர் வீட்டில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது? இதெல்லாம் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்காது. அவள் தொணதொணத்துத்தான் நிகழ்ச்சியின் கடைசியில் 'முதல் ஆள்' என்றொரு பகுதியைச் சேர்த்தார்கள். அவள் தேடிப்பிடித்துக் கொடுப்பாள், தொகுப்பாளர் திரையில் சொல்வார், பார்ப்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். தலையணைக்காரர் கிடைத்தார். ஓய்வு பெற்ற நீச்சல் பயிற்சியாளர். வேட்டையாடி ஜெயித்த கதையை அவள் ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை நிகழ்ச்சியின் தலைவர் கூட்டம் போட்டார். அவருக்கு அலுவலகத்தில் சீக்கிரம் என்று பெயர். வாயைத் திறந்தால் முதலில் விழுகிற சொல் அதுதான்.

"சீக்கிரம் சொல்லுங்க, இந்த வாரம் என்ன ஓடுது?"

மோப்பம் சுவரில் ஒட்டியிருந்த சீட்டுகளைக் காட்டினாள். மேசைக்கு அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று குனிந்து காட்டும் வீடியோக்கள். கதவுகள் கிரீச்சிடுவதற்கு மதிப்பெண் போடும் ஒரு காவலாளி. பிரின்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும் ஒரு பூனை, அதற்காகக் கையாலேயே எழுதிக்கொண்டிருக்கும் ஓர் அலுவலகம். கடைசிச் சீட்டை மட்டும் அவள் தனியாக, சிவப்புக் காகிதத்தில் ஒட்டியிருந்தாள்.

"கூப்பிடறேன் பாட்டு. இந்த வாரத்துக்கு ராஜா இதுதான் சார்."

அது பாட்டே இல்லை. ஒரு பெண் குரல். எலி பேசினால் எப்படி இருக்குமோ அப்படிக் கீச்சென்று, பரபரவென்று. "கூப்பிடறேன்... அப்புறம் கூப்பிடறேன்... சாயங்காலம் கூப்பிடறேன்... ஐயோ மறந்துட்டேன்! நாளைக்குக் கண்டிப்பா கூப்பிடறேன்... இதோ, ரெண்டே நிமிஷம்..." பின்னால் தாளம் மாதிரி ஒரு சத்தம், கடக், கடக், கடக். அவ்வளவுதான். ஒரு தடவை கேட்டால் நாள் முழுக்க வாய் முணுமுணுக்கும்.

ஒருவர் வாங்கிப்போட்ட உடற்பயிற்சி இயந்திரத்தின் மேல் ஈரத்துணி காய்வதைப் படமெடுத்து இந்தக் குரலை ஒட்டியிருந்தார். குழாய் ஒழுகும் சமையலறையில் ஒரு குடும்பமே வாளியோடு உட்கார்ந்திருந்தது, பின்னணியில் இந்தக் குரல். நகரத்துக் குழாய் ரிப்பேர் நிறுவனம் ஒன்று வெட்கமில்லாமல் தன் விளம்பரத்திலேயே இதைப் போட்டது. கேட்டின் அருகே வாலாட்டிக்கொண்டு காத்திருக்கும் நாய், கல்யாண ஆல்பம் வந்து சேராத தம்பதி, விடைத்தாள் திருத்தாத வாத்தியார் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை.

"முதல் ஆள் யாரு?" என்றார் சீக்கிரம்.

"தெரியல சார். மூலப் பதிவு இணையத்துலயே இல்ல. யாரோ எடுத்துட்டாங்க."

"போன வாரமும் 'முதல் ஆள்' இல்ல. அதுக்கு முந்தின வாரம் 'இரைச்சல்'காரங்க நம்மள முந்திட்டாங்க. இதுவும் போச்சுன்னா அந்தப் பகுதியத் தூக்கிட்டு, பூனை வீடியோ போட்டுக்கலாம். பூனை எங்கயும் ஓடாது. சீக்கிரம் கண்டுபிடி."

'இரைச்சல்' என்பது போட்டி நிகழ்ச்சி. அதன் பெயரைக் கேட்டாலே மோப்பத்துக்கு வயிறு எரியும். அவள் பெற்று வளர்த்த பகுதியைப் பூனைக்குத் தூக்கிக் கொடுப்பதா? அப்படியே இடத்தில் போய் உட்கார்ந்து காதில் ஹெட்போனை மாட்டினாள்.

அவளுக்கு ஒரு தொழில் பழக்கம் உண்டு. எதையும் இரட்டை வேகத்தில்தான் கேட்பாள். பேட்டி, செய்தி, மற்றவர்கள் அனுப்பும் குரல் செய்தி எல்லாமே வேகமாக ஓட வேண்டும். ஒரு நாளில் கேட்க வேண்டியது அவ்வளவு இருந்தது, அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் மனிதர்கள் இயல்பாகப் பேசினால் அவளுக்கு இப்போதெல்லாம் தூக்கம் வந்துவிடுகிறது.

போன் அதிர்ந்தது. அக்கா. பக்கத்து நகரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற அக்கா, அவளுக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவள். அக்காவிடமிருந்து வருவதெல்லாம் சத்தமில்லாமல் வரும்படி மோப்பம் எப்போதோ மாற்றி வைத்திருந்தாள். அதிர்வு மட்டும் இருக்கும். ஒரு குரல் செய்தி, அதற்கு மேலே இன்னும் ஏதேதோ. இவள் கேட்கவில்லை. பொத்தானை அழுத்தி, பழகிய வாயால் பதில் அனுப்பினாள்.

"அக்கா, இந்த வாரம் தல போற வேலை. வியாழன் முடிஞ்சதும் கண்டிப்பா கூப்பிடறேன்."

அனுப்பிவிட்டு மறுபடியும் கூப்பிடறேன் பாட்டைக் கேட்கத் தொடங்கினாள். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. பின்னூட்டங்களைப் படித்தாள். 'யாருப்பா இந்த மகராசி?' 'இந்தம்மா என் முதலாளியாத்தான் இருக்கணும்.' 'வாயத் தொறந்தா பொய். இவள நம்பி யாரோ ஒரு பாவப்பட்ட ஜீவன் உக்காந்திருக்கு பாருங்க.' கடைசிப் பின்னூட்டத்துக்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறிகள். மோப்பமும் ஒன்றைப் போட்டாள்.

தேடுவதற்கு வழிகள் உண்டு. இருப்பதிலேயே பழைய பதிவு எது என்று பார்க்க வேண்டும், அதைப் போட்டவரைப் பிடிக்க வேண்டும், அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்று கேட்க வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரிதான். செவ்வாய்க்கிழமை அவள் ஒரு முடிதிருத்தகத்தில் போய் நின்றாள். நிஜமாக இல்லை, போனில். அந்தக் கடைக்காரர் வரிசையில் காத்திருக்கும் வாடிக்கையாளர்களைப் படமெடுத்து இந்தக் குரலைப் போட்டிருந்தார். இருப்பதில் அதுதான் பழசு.

"எனக்கு எங்கேருந்து கெடச்சுதுன்னா கேக்கறீங்க?" என்றார் அவர். பின்னால் கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. "சும்மா பாத்துக்கிட்டு இருந்தப்ப கண்ணுல பட்டுது மேடம். சின்னக் கணக்கு. நாலஞ்சு பேருதான் பின்தொடர்ந்தாங்க. பேரு... ஏதோ கம்பின்னு வரும்."

"கம்பியா? அதுல யாரு இருந்தாங்க? முகம் தெரிஞ்சுதா?"

"முகமே இல்ல. ரெண்டு கை மட்டும்தான். காகிதத்துல ஓட்டை போட்டுக்கிட்டே இருந்தாங்க. கடக் கடக்னு. அதுக்கு மேல இந்தக் குரல். பாத்துட்டு நான் சிரிச்ச சிரிப்புல ஒருத்தருக்கு மீசை கொஞ்சம் கோணலாப் போயிடுச்சு."

"அப்புறம் ஏன் அதைக் காணோம்?"

"அது அவங்களத்தான் கேக்கணும். மறுபடி பாக்கலாம்னு போனேன், கணக்கையே மூடிட்டாங்க."

காகிதத்தில் ஓட்டை. மோப்பம் அதைச் சிவப்புச் சீட்டின் கீழே எழுதி ஒட்டினாள். ஓடுகிற ஒன்றைப் போட்டவர்கள் அதை எடுக்கவே மாட்டார்கள், அது அவளுக்குத் தெரிந்த உலகத்தின் சட்டம். உலகமே கை தட்டும்போது ஒருவர் ஏன் மேடையை விட்டு இறங்கி விளக்கை அணைத்துவிட்டுப் போகிறார்? புதன்கிழமை முழுவதும் அவளுக்கு அதே யோசனை. யாரையாவது பார்த்துப் பயந்தாரா? அல்லது அந்தக் குரல்காரி சண்டைக்கு வந்துவிட்டாளா? குரல்காரிதான் மிரட்டி எடுக்கச் சொல்லியிருப்பாள் என்று கடைசியில் முடிவு கட்டினாள். இப்படிப் புளுகுகிறவள் அதையும் செய்வாள்.

வியாழக்கிழமை மதியம் வரை வேறு எதுவும் கிடைக்கவில்லை. அவள் கத்தரியின் அறைக்குப் போனாள். இருட்டு அறை, இரண்டு திரை, உடைந்த கைப்பிடியோடு ஒரு நாற்காலி. கத்தரி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"அந்தத் தாளத்த மட்டும் பிரிச்சுக் குடு. என்ன சத்தம்னு தெரிஞ்சா ஆளப் புடிச்சிடலாம்."

"தாளம் கிடக்கட்டும். குரல ஏன் யாரும் நேர் பண்ணிப் பாக்கல?" என்றான் அவன். "இது வேகம் ஏத்தின குரல். கீச்சுனு இருக்கறது அதனாலதான். இறக்கிட்டா ஒழுங்கான பொண்ணு குரல் வந்துடும்."

மோப்பத்துக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. எல்லோருக்கும் அந்த எலிக்குரல்தான் பிடித்திருந்தது, யாரும் அதைத் தொடவில்லை. அவளோ ஏற்கெனவே ஏற்றிய வேகத்தை இரட்டையாக்கி வாரம் பூராவும் கேட்டிருக்கிறாள்.

கத்தரி ஏதோ இழுத்தான், ஏதோ குறைத்தான், ஹெட்போனில் தானே முதலில் கேட்டான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தான். மறுபடி கேட்டான். மறுபடி பார்த்தான்.

"என்னடா? யாருன்னு தெரியுதா?"

"ஒரு நிமிஷம். நீ 'நாளைக்குக் கண்டிப்பா கூப்பிடறேன்'னு சொல்லேன்."

"எதுக்கு?"

"சும்மா சொல்லேன்."

"நாளைக்குக் கண்டிப்பா கூப்பிடறேன்" என்றாள் மோப்பம்.

கத்தரி ஹெட்போனின் வயரைப் பிடுங்கினான். ஒலிபெருக்கியில் சத்தம் அறை முழுக்க வந்தது. "நாளைக்குக் கண்டிப்பா கூப்பிடறேன்." அவள் அப்போதுதான் சொல்லி முடித்த அதே இழுப்பு, 'கண்டிப்பா'வில் அதே அழுத்தம். அவரவர் குரல் அவரவருக்கு அந்நியமாகத்தான் கேட்கும். இருந்தாலும் இதைத் தெரியவில்லை என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"இது... நானா?"

"ரெண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து கேக்கறேன். நீதான்" என்றான் கத்தரி. அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

குரல் ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது இயல்பான வேகத்தில், பின்னால் அந்தச் சத்தமும் இயல்பாகக் கேட்டது. கடக். ஒரு இடைவெளி. கடக். அது என்னவென்று அவளுக்கு இனி யாரும் சொல்ல வேண்டியதில்லை. சுருள் கம்பி கோர்ப்பதற்கு முன்னால் காகிதக் கட்டின் ஓரத்தில் வரிசையாக ஓட்டை போடுகிற இயந்திரம். கைப்பிடியைக் கீழே இழுத்தால் கடக். அக்கா எப்போது பேசினாலும் பின்னால் அது கேட்கும். 'கொஞ்ச நேரம் அத நிறுத்திட்டுப் பேசேன்' என்று இவளே எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள்.

மோப்பம் போனை எடுத்தாள். அக்காவின் பக்கத்தைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போனாள். பச்சை நிறத்தில் அவளுடைய குரல் செய்திகள் வரிசையாக நின்றன, எல்லாமே குட்டிக் குட்டி. நடுவில் அக்கா எழுதியதும் பேசியதும் கிடந்தன, பாதிக்கு மேல் திறக்கப்படாமல். பழையதிலிருந்து ஒவ்வொன்றாக, முதல் தடவையாக இயல்பான வேகத்தில் கேட்டாள்.

"என்னடி, நல்லா இருக்கியா? கடைக்கு ஒரு வீடியோ போடணும்னு முதலாளி சொல்றாரு. படம் எடுத்துட்டேன். அதுல சத்தம் எப்படிச் சேக்கறது? உனக்குத்தான் இதெல்லாம் அத்துப்படியாச்சே. ஒரு நாள் கூப்பிட்டுச் சொல்லிக்குடேன்."

அதற்குக் கீழே அவளுடைய பதில். கூப்பிடறேன் அக்கா.

"போன வாரம் கூப்பிடறேன்னே. பரவால்ல, வேலையா இருப்ப."

ஐயோ மறந்துட்டேன், நாளைக்குக் கண்டிப்பா.

"ஏய், நானே கத்துக்கிட்டேன்டி! சேக்கறதுக்குப் பாட்டு எதுவும் என்கிட்ட இல்ல. போன்ல தேடினா உன் குரல்தான் நிறைய கெடந்துச்சு. எல்லாத்தையும் ஒண்ணா வெட்டி ஒட்டிப் பாத்தேன். வேகத்தக் கூட்டினா எலிக்குஞ்சு மாதிரி பேசற! சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறே வலிச்சிடுச்சு. 'சுருள் கம்பி'ன்னு ஒரு கணக்கு ஆரம்பிச்சுப் போட்டிருக்கேன். பாத்துட்டுச் சொல்லு."

கீழே ஓர் இணைப்பு. அதற்குப் பதிலாக அவள் ஒரு கட்டைவிரலை அனுப்பியிருந்தாள். ஒரு வரியும் இருந்தது. 'பாத்தேன், சூப்பர் அக்கா.'

அவள் பார்க்கவில்லை. ஊர் உலகமெல்லாம் தேடிய மூலப் பதிவு அவளுடைய போனிலேயே வாரக்கணக்கில் கிடந்திருக்கிறது. இப்போது அந்த இணைப்பைத் தொட்டாள். பதிவு நீக்கப்பட்டுவிட்டது என்று வெள்ளைத் திரை சொன்னது.

அடுத்தது. அக்காவின் குரலில் சிரிப்பு இல்லை. "என்னவோ ஆயிரக்கணக்குல எழுதறாங்கடி. போன் சூடாகிடுது. எனக்கு ஒண்ணும் புரியல, பயமா இருக்கு. நீ இந்த வேலதானே பாக்குற. ஒரு தடவ கூப்பிடேன்."

அதற்கும் ஒரு கூப்பிடறேன்.

"யாரு இந்தப் பொண்ணுன்னு கேக்கறாங்க. உன்னத் திட்டறாங்கடி. பொய்க்காரின்றாங்க. விளையாட்டுக்குச் செஞ்சேன், சத்தியமா உன்னக் காயப்படுத்தச் செய்யல. எடுத்துட்டேன். கணக்கையும் மூடிட்டேன்."

கடைசியாக, திங்கட்கிழமை வந்தது. தல போற வேலை என்று அவள் பதில் சொன்னது இதற்குத்தான்.

"'இரைச்சல்'னு ஏதோ சேனலாம். என்னக் கண்டுபிடிச்சிட்டாங்க. வியாழக்கிழமை கடைக்கே வராங்களாம். குரல் யாரோடதுன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்? நீ சொல்ற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன். அத மட்டும் சொல்லிடு, போதும்."

மோப்பம் அழுதாள். கத்தரி என்ன செய்வதென்று தெரியாமல் பிஸ்கட் பாக்கெட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். யார் ஏன் விளக்கை அணைத்தார்கள் என்று புதன்கிழமை முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டாளே, அதற்கு விடை இதுதான். இவளை யாரும் திட்டக் கூடாது என்று அக்கா அணைத்திருக்கிறாள். பொய்க்காரி என்ற பின்னூட்டத்துக்கு இவள் விருப்பக்குறி போட்டுக்கொண்டிருந்தபோது, அக்கா அதைப் படித்துவிட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நினைக்க நினைக்க அவளுக்கு மனசு ஆறவில்லை.

அக்காவைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு குரல் செய்தி வந்தது.

"கடையில கூட்டம்டி. பரீட்சை நேரம், பசங்க எல்லாம் புராஜெக்டத் தூக்கிக்கிட்டு வந்து நிக்குதுங்க. அப்புறம் கூப்பிடறேன்." பின்னால் கடக், கடக்.

கத்தரியால் இந்த முறை அடக்க முடியவில்லை. வெடித்துச் சிரித்தான். அழுதுகொண்டிருந்த மோப்பத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வேணும், எனக்கு நல்லா வேணும்" என்றாள்.

விஷயம் சீக்கிரத்தின் காதுக்குப் போகக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. இரண்டு கையையும் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைத் தலையணைக்காரர் கிடைத்தபோதுகூட யாரும் பார்த்ததில்லை.

"குரல் நீ! போட்டது உன் அக்கா! இதவிட என்ன வேணும்? அவங்கள வீடியோ கால்ல புடி. 'இரைச்சல்'காரன் முகத்துல கரி. சீக்கிரம், சீக்கிரம்!"

"அக்காவப் போட மாட்டேன் சார். அவங்ககிட்ட கேக்காம பேரு, கடை, எதுவும் சொல்ல மாட்டேன்."

"அப்போ பூனைதான்."

"பூனை வேணாம். குரல் என்னோடதுன்னு நானே கேமரா முன்னாடி சொல்றேன். என்னத் திட்டட்டும். அது போதுமா?"

சீக்கிரம் யோசித்தார். நிகழ்ச்சியின் ஆளே இந்த வாரத்தின் பொய்க்காரி என்றால் பார்ப்பதற்குக் கசக்குமா என்ன? "போதும். மூஞ்சியக் கழுவிட்டு வா. இல்ல, கழுவாத. அழுத மூஞ்சியே நல்லா இருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக மோப்பம் அந்தத் தொகுப்பாளர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். விளக்குச் சூடு நெற்றியில் அடித்தது. சட்டையில் மைக்கைக் குத்தினார்கள். கேமராவுக்குப் பின்னால் தொகுப்பாளர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், சீக்கிரம் விரல்களை மடக்கத் தயாராக நின்றார். போனை மேசையிலேயே, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அக்காவுக்கான அதிர்வை மணிச்சத்தமாக மாற்றியிருந்தாள்.

"எல்லாரும் தயாரா? அஞ்சு, நாலு..."

போன் அடித்தது. அந்தச் சின்ன அறைக்கு அது ரொம்பப் பெரிய சத்தம். திரையில் அக்கா.

மோப்பம் மைக்கோடு எழுந்தாள்.

"ஏய், எங்க போற? லைட் போட்டாச்சு! எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க!"

"ரெண்டே நிமிஷம் சார்" என்றாள் அவள். கேமராக்காரர் பக்கென்று சிரித்தார். மைக்கின் வயர் இழுபட்டு அறுந்துவிடுமோ என்று கத்தரி அவள் பின்னாலேயே ஓடிவந்து கழற்றிவிட்டான். அவள் படிக்கட்டுக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு படியில் உட்கார்ந்தாள்.

"அக்கா!"

"சொல்லுடி" என்றாள் அக்கா. மூச்சு வாங்கியது. பின்னால் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கடக், கடக். "ரெண்டு தடவ கூப்பிட்டிருக்க. என்ன ஆச்சு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். அந்த 'இரைச்சல்' ஆளு வந்தாரா?"

"வந்தாரு, வந்தாரு. காலையிலேயே. யாரு குரல், யாரு குரல்னு ஒரே பிடுங்கல். வரிசையில நில்லுங்கன்னேன். கையில ஏதோ காகிதக் கட்டு வச்சிருந்தாரு, அதுக்கு அட்டை போட்டுச் சுருள் மாட்டிக் குடுத்து அனுப்பிட்டேன்." ஒரு கடக். "நான் எதுவும் சொல்லலடி. பயப்படாத. அதுக்குத்தானே கூப்பிட்ட?"

இயல்பான வேகத்தில் அக்காவின் குரல் கொஞ்சம் கனமாக, வாக்கியத்தின் நடுவில் மூச்சு விட்டு, மெதுவாக வந்தது. இது இப்படித்தான் இருக்கும் என்பதை மோப்பம் எப்போது மறந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவளிடம் கேள்விகள் குவிந்து கிடந்தன. எதை முதலில் வெட்டினாய், இயந்திரச் சத்தத்தைத் தாளமாக்கலாம் என்று எப்படித் தோன்றியது, எந்த இடத்தில் சிரிப்பு வந்தது. மன்னிப்பு வேறு கேட்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ தட்டினார்கள். சீக்கிரமாகத்தான் இருக்கும்.

"இல்லக்கா, அதுக்கில்ல."

"அப்புறம் என்ன விஷயம்? சொல்லு, ஆளுங்க நிக்கிறாங்க."

"விஷயம் ஒண்ணுமில்லக்கா" என்றாள் மோப்பம். "சும்மாதான் கூப்பிட்டேன். நீ பேசு."

கடையில் யாரோ எதையோ கேட்டார்கள். "கொஞ்சம் இருங்க" என்று அக்கா அவர்களிடம் சொல்வது கேட்டது. பிறகு நாற்காலி ஒன்றை இழுத்துப் போடும் சத்தம். பின்னால் அந்தக் கடக் நின்றுவிட்டது.